டாக்டர் டங்கன் - முதல் ஹெல்த் ஆபீசர்

நம் சங்கத்தின் மலர்களை வருஷா வருஷம் ஒன்றுவிடாமல் படித்து வருகிறவன் நான். பெரிய சர்ஜன்களைப் பற்றி வந்திருக்கிறது. கண்டிப்பான பேராசிரியர்களைப் பற்றி வந்திருக்கிறது. மெஸ் சாம்பாரைப் பற்றிக்கூட மூன்று தடவை வந்துவிட்டது. ஆனால் ஹெல்த் ஆபீசர் ஒருவரைப் பற்றி ஒரு பக்கமாவது வந்ததாக ஞாபகம் இல்லை. குறையாகச் சொல்லவில்லை. வயிற்றைக் கிழித்துத் தைத்துப் பிழைக்க வைத்த டாக்டரைத் தேடி நோயாளி பழத்தட்டோடு வருவார். காலரா வராமல் போன மனுஷன் யாரைத் தேடி வருவார்? தனக்கு வர இருந்ததே அவருக்குத் தெரியாதே!

ஆகையால், மலர்க்குழுவினர் இந்த வருஷம் கட்டுரை கேட்டதும் நான் யோசிக்கவே இல்லை. டாக்டர் வில்லியம் ஹென்றி டங்கன் என்ற மனிதரைப் பற்றி எழுதுகிறேன் என்று உடனே ஒப்புக்கொண்டேன். பொது சுகாதாரம் படித்தவர்களுக்கு அவர் பெயர் நன்றாகத் தெரியும். மற்ற ஸ்பெஷாலிட்டிக்காரர்களுக்கு, மத்தியானம் இரண்டு மணிக்கு எஸ்.பி.எம். வகுப்பில் தூக்கக் கலக்கத்தில் காதில் விழுந்திருந்தால் உண்டு. ஜான் ஸ்னோ, பிராட் ஸ்ட்ரீட் பம்பு, 1854 - இது எல்லோருக்கும் மனப்பாடம். வைவாவில் கேட்பார்களே! அதற்கு ஏழு வருஷம் முன்பே, 1847 ஜனவரி முதல் தேதி, லிவர்பூல் நகரசபை ஒரு டாக்டரைக் கூப்பிட்டு, இந்த ஊரின் ஆரோக்கியம் இனி உங்கள் பொறுப்பு என்று உட்கார வைத்தது. நகரத்துக்கென்று சட்டப்படி ஹெல்த் ஆபீசர் ஒருவர் நியமிக்கப்பட்டது இங்கிலாந்தில் அதுதான் முதல் தடவை என்று கொள்வது வழக்கம்.

டங்கன் பிறந்ததே லிவர்பூலில்தான். 1805 ஜனவரி 27, சீல் ஸ்ட்ரீட். அப்பா வியாபாரி. ஊரோ துறைமுகம். அடிமை வியாபாரத்தில் கொழுத்து, அது 1807-ல் சட்டப்படி நின்றபின் பருத்தியிலும் சர்க்கரையிலும் மேலும் கொழுத்த ஊர். நகரசபையில் இருந்தவர்கள், வீடுகளை வாடகைக்கு விட்டவர்கள், கப்பல் வைத்திருந்தவர்கள் எல்லோரும் ஒருவருக்கொருவர் தெரிந்த மனிதர்கள். டங்கனும் அந்த வட்டத்துப் பிள்ளைதான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

படித்தது எடின்பரோவில். 1829-ல் எம்.டி. வாங்கினார். அந்த வருஷங்களில் எடின்பரோ அனாடமி என்றாலே நமக்கு ஞாபகம் வருவது பர்க், ஹேர் என்ற இரண்டு பேர். டிஸெக்‌ஷன் டேபிளுக்குப் பிணம் சப்ளை செய்வதற்காக 1828-ல் ஆட்களைக் கொன்று விற்றவர்கள். லிவர்பூலுக்கும் இதில் பங்கு உண்டு. 1826-ல் லிவர்பூல் துறைமுகத்திலிருந்து ஸ்காட்லாந்து போக இருந்த பீப்பாய்கள் நாற்றமடிக்கவே திறந்து பார்த்தார்கள். உள்ளே உப்பில் ஊறிய பிணங்கள். மேலும் தேடியதில் மொத்தம் 33. டாக்டர் என்றால் ஜனங்களுக்கு என்ன அபிப்பிராயம் இருந்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த அபிப்பிராயம் 1832-ல் தெருவுக்கு வந்தது. காலரா முதல் தடவையாக லிவர்பூலைத் தாக்கிய வருஷம். 1,500 பேருக்கு மேல் செத்தார்கள். காலரா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனால் டாக்டர்கள் கொன்று அறுத்துவிடுவார்கள் என்று வதந்தி. மே கடைசியிலிருந்து ஜூன் வரை கும்பல் கூடி, டாக்டர்கள் மேல் கல்லெறிந்து, ஆஸ்பத்திரிக் கண்ணாடிகளை உடைத்து... அந்தக் கலவர ஊரில்தான் நம் டங்கன் இளம் டாக்டராகத் தொழில் செய்துகொண்டிருந்தார். 2020-ல் கொரோனாவின்போது நம் ஆட்கள் பட்ட பாட்டை நினைத்தால், கதை அத்தனை பழசாகத் தெரியவில்லை, இல்லையா?

ஒரு பக்கம் ராட்னி ஸ்ட்ரீட்டில் பிராக்டிஸ். பணக்கார டாக்டர்கள் வரிசையாக போர்டு மாட்டியிருந்த தெரு அது. இன்னொரு பக்கம் ஏழைகளுக்கான தர்ம டிஸ்பென்சரி. டிஸ்பென்சரி டாக்டர் என்றால் மேஜையில் உட்கார்ந்து சீட்டு எழுதுகிறவர் அல்ல. நோயாளி எழுந்து வர முடியாவிட்டால் இவர் வீடு தேடிப் போகவேண்டும். அப்படிப் போய்ப் போய்த்தான் அவர் ஊரைப் பார்த்தார்.

என்ன பார்த்தார்? லிவர்பூல் ஏழைகள் குடியிருந்த இடம் இரண்டு வகை. ஒன்று, அங்கே கோர்ட் என்பார்கள். நம் ஊர் முடுக்குச் சந்தையும் ஒண்டுக்குடித்தனத்தையும் சேர்த்து நசுக்கினால் எப்படியோ அப்படி. தெருவிலிருந்து ஒரு ஆள் நுழையுமளவு வழி, உள்ளே இரண்டு பக்கமும் எதிரெதிராக வீடுகள், ஒவ்வொன்றும் பின்னால் இருக்கும் வீட்டோடு முதுகு ஒட்டிக் கட்டியது. ஆகவே பின் ஜன்னல் கிடையாது, காற்று கிடையாது. மொத்தச் சந்துக்கும் ஒன்றோ இரண்டோ கக்கூஸ். இரண்டாவது வகை நிலவறை. வீட்டுக்கு அடியில் கரியும் விறகும் போட்டு வைக்கவேண்டிய குழியில் குடும்பமே குடியிருந்தது. தரை ஈரம். பக்கத்துக் கக்கூஸ் குழி நிரம்பினால் கசிவு சுவர் வழியாக உள்ளேதான் வரும். 1840-களின் தொடக்கத்தில் எடுத்த கணக்குப்படி கோர்ட்டுகள் சுமார் 2,000, அவற்றில் 55,000 பேர். நிலவறைகள் 6,000-க்கு மேல், அவற்றில் 20,000 பேர். தண்ணீர் இரண்டு தனியார் கம்பெனிகளின் கையில். வாரத்தில் சில நாள், சில மணி நேரம் விடுவார்கள். குழாயடிச் சண்டையைப் பற்றி நான் உங்களுக்கு விளக்கவேண்டியதில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், லிவர்பூல்காரர்கள் தங்கள் ஊர் ஆரோக்கியமான ஊர் என்றே நம்பிக்கொண்டிருந்தார்கள். கடற்காற்று வீசுகிறதாம்! 1842-ல் எட்வின் சாட்விக் என்பவர் நாடு முழுவதும் விசாரித்து ஓர் அறிக்கை வெளியிட்டார். லிவர்பூலில் மேல்தட்டுக்காரர்கள் சாகும் சராசரி வயது 35. கடைக்காரர்கள் வகையறா 22. கூலிக்காரர்கள் 15. பதினைந்து! பச்சைக் குழந்தைகள் கொத்துக் கொத்தாகச் செத்தால்தான் சராசரி அங்கே போய் நிற்கும். பீடியாட்ரிக்ஸ் நண்பர்களுக்கு இது சொல்லாமலே புரியும்.

டங்கன் அதோடு நிற்கவில்லை. 1843-ல் ஊர் இலக்கிய, தத்துவச் சங்கத்தில் லிவர்பூலின் அதிக மரணங்களுக்குக் காரணம் என்ன என்று பேசி, அதைச் சிறு புத்தகமாகவும் போட்டார். அவர் செய்தது நாம் இன்று எபிடமியாலஜி என்று பெருமையாகச் சொல்லுகிற காரியம்தான். எந்தப் பகுதியில் ஜனநெருக்கம் எவ்வளவு, காய்ச்சல் எவ்வளவு, எத்தனை பேர் கோர்ட்டில், எத்தனை பேர் நிலவறையில் என்று எடுத்து வைத்துப் பக்கத்தில் பக்கம் நிறுத்தினார். கேட்க உட்கார்ந்திருந்தவர்கள் யார்? ஊர்ப் பெரிய மனிதர்கள். அந்த வீடுகளின் சொந்தக்காரர்கள் சிலரும் அந்த நாற்காலிகளில் இருந்திருப்பார்கள் என்பது என் ஊகம். ஊர் மானத்தை வாங்குகிறார் என்று எதிர்ப்பும் வந்தது. சொந்த ஊர்க்காரன், சொந்த வட்டத்து ஆள், கணக்கோடு வந்து நின்று சொல்லும்போது வெளியே போ என்று சொல்ல முடியவில்லை. அதுதான் வித்தியாசம். லண்டனிலிருந்து யாராவது வந்து சொல்லியிருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கும்.

நகரசபை, நல்லது கெட்டது எப்படியிருந்தாலும், அசைந்தது. தானே பார்லிமெண்டுக்குப் போய்த் தனக்கென்று ஒரு சட்டம் வாங்கிவந்தது. 1846-ம் வருஷத்து லிவர்பூல் சுகாதாரச் சட்டம். அதில் மூன்று பேர் இடம் பெற்றார்கள். ஒரு டாக்டர், ஒரு என்ஜினீயர், ஒரு இன்ஸ்பெக்டர். டாக்டர் நம் டங்கன். என்ஜினீயர் ஜேம்ஸ் நியூலண்ட்ஸ். இன்ஸ்பெக்டர் தாமஸ் ஃப்ரெஷ் - குப்பை, சாக்கடை, நாற்றம் எல்லாம் பார்க்கிறவருக்கு என்ன பொருத்தமான பெயர் பாருங்கள்! மூவரும் ஒன்றாக வேலை பார்த்தார்கள் என்பதை நான் அழுத்திச் சொல்லுவேன். நகராட்சியில் ஹெல்த் ஆபீசர் ஒரு பக்கம், என்ஜினீயர் ஒரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்தால் சாக்கடை யார் பக்கமும் போகாது. இருபத்தெட்டு வருஷம் சர்வீஸ் போட்டவன் சொல்லுகிறேன், நம்புங்கள்.

நியமனம் என்னவோ நியமனம்தான். சம்பளம்? வருஷத்துக்கு 300 பவுன். முழு நேர வேலை அல்ல. ராட்னி ஸ்ட்ரீட் பிராக்டிஸையும் வைத்துக்கொள்ளலாம் என்று அனுமதி. லண்டனின் கேலிப் பத்திரிகை பஞ்ச் இந்த ஏற்பாட்டைக் கிண்டல் செய்தது. கிண்டலில் நியாயம் இருந்தது. காலையில் நகரசபை, சாயங்காலம் கிளினிக். காலையில் எந்த வீட்டுச் சொந்தக்காரர் மேல் ரிப்போர்ட் எழுதவேண்டுமோ, அவரே சாயங்காலம் ஃபீஸ் கொடுக்கும் நோயாளியாக வந்து உட்கார்ந்தால்? டங்கன் வளைந்தார் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் ஒரு மனிதனை அப்படி ஒரு நாற்காலியில் உட்கார வைப்பதே தப்பு. நல்லவேளை, இந்தக் கூத்து ஒரு வருஷம்தான் நடந்தது. 1848-ல் பிராக்டிஸை விட்டுவிட்டு முழுநேர ஆபீசர் ஆனார். சம்பளம் 750 பவுன்.

அந்த ஒரு வருஷம் எப்படிப்பட்ட வருஷம் என்று பார்த்தால்தான் மனுஷன் அருமை தெரியும்.

1845-லிருந்து அயர்லாந்தில் உருளைக்கிழங்கு அழுகிக்கொண்டிருந்தது. பஞ்சம். உயிர் பிழைக்கக் கப்பலேறியவர்களுக்கு முதல் கரை லிவர்பூல். சில ஷில்லிங் கொடுத்தால் ஆடு மாடுகளோடு டெக்கில் நின்றபடி வந்து சேரலாம். டங்கன் பதவி ஏற்ற 1847-ம் வருஷம் மட்டும் வந்து இறங்கியவர்கள் சுமார் 3 லட்சம் பேர். ஊரின் மொத்த ஜனத்தொகையே அவ்வளவுதான்! பலர் அமெரிக்காவுக்குக் கப்பல் மாறிப் போனார்கள். கையில் காசில்லாதவர்கள் தங்கினார்கள். எங்கே தங்குவார்கள்? அதே கோர்ட்டுகள், அதே நிலவறைகள்.

கூடவே டைஃபஸ் வந்தது. பேன் கடித்துப் பரவுகிற காய்ச்சல் என்று நமக்குத் தெரியும். ஷார்ல் நிக்கோல் அதைக் கண்டுபிடித்தது 1909-ல். டங்கன் காலத்தில் யாருக்கும் தெரியாது. நாற்றக் காற்றிலிருந்து வருகிறது என்று நினைத்தார்கள். அவரும் அப்படியே நினைத்தார். ஒரு அறையில் இத்தனை பேர் மூச்சு விட்டால் காற்று எவ்வளவு கெடும் என்று கணக்குப் போட்டவர் அவர். அந்த வருஷம் காய்ச்சல் கண்டவர்கள் சுமார் 60,000, பேதியும் சீதபேதியும் கண்டவர்கள் சுமார் 40,000 என்பது டங்கன் போட்ட மதிப்பு. ஊரில் அந்த வருஷத்து மொத்த மரணம் 17,000-க்கு மேல். நோயாளிகளுக்கு அந்திமச் சடங்கு செய்யப் போன கத்தோலிக்கப் பாதிரியார்கள் மட்டும் 10 பேர் தொற்றிச் செத்தார்கள். டாக்டர்களும் செத்தார்கள்.

டங்கன் கையில் என்ன இருந்தது? ஆஸ்பத்திரிகூட இல்லை. ஏழைகளுக்கான ஆஸ்பத்திரி ஏழை நிவாரண நிர்வாகத்தின் கீழ், அதாவது வேறு ஆபீஸ், வேறு பணம். மருந்தும் கிடையாது, யாருக்கும் கிடையாது. காய்ச்சல் கொட்டகைகள் போட்டார்கள். மெர்ஸி ஆற்றில் கப்பல்களை நங்கூரம் போட்டு நிறுத்தி ஆஸ்பத்திரியாக்கினார்கள். சுண்ணாம்பு அடித்தார்கள். வந்தவர்களில் ஆயிரக்கணக்கானவர்களை அயர்லாந்துக்கே திருப்பி அனுப்பவும் செய்தார்கள். சட்டப்படி டங்கனின் வேலை பார்ப்பதும் எழுதுவதும்தான். எங்கே நோய், என்ன காரணம், எந்த வீடு வாழத் தகுதியில்லாதது என்று பார்த்து, நகரசபையின் சுகாதாரக் கமிட்டிக்கு எழுதவேண்டும். நடவடிக்கை எடுப்பது கமிட்டி. எழுதினார், எழுதினார், எழுதிக்கொண்டே இருந்தார்.

இனி சொல்லப்போவது கொஞ்சம் கசப்பான பகுதி. நிலவறைகளைக் காலி செய்யச் சட்டத்தில் இடம் இருந்தது. ஃப்ரெஷ்ஷின் ஆட்கள் போய் ஆயிரக்கணக்கான நிலவறைகளிலிருந்து ஜனங்களை வெளியேற்றினார்கள். காகிதத்தில் நல்ல காரியம். ஆனால் வெளியேற்றப்பட்டவனுக்குப் போக இடம்? பக்கத்துக் கோர்ட்டில் ஏற்கெனவே எட்டுப் பேர் இருக்கும் அறையில் ஒன்பதாவது ஆளாகப் போய்ப் படுத்தான். கொஞ்ச நாள் கழித்துப் பழைய நிலவறைக்கே ராத்திரியில் திரும்பியும் வந்தான். வெளியேற்ற அதிகாரம் இருந்தது, கட்ட அதிகாரம் இல்லை. இந்த இக்கட்டு நூற்றெழுபது வருஷம் கழித்தும் தீரவில்லை என்பது நகராட்சி ஃபைல் பார்த்த எவருக்கும் தெரியும். நானே ஒரு ஊரில் - பெயர் வேண்டாம் - ஆற்றோரக் குடிசைகளுக்கு நோட்டீஸ் ஒட்டப் போயிருக்கிறேன். ஒரு கிழவி என் கையிலிருந்த பசைச் சட்டியைப் பார்த்துவிட்டு, தம்பி, வேற எடம் காமிச்சிட்டு ஒட்டுப்பா என்றாள். ஒட்டாமல் திரும்பினேன். மேலிடத்துக்கு மாற்று இடம் கேட்டுக் குறிப்பு எழுதினேன். பதில் வரவில்லை, டிரான்ஸ்பர் வந்தது.

டங்கனை நான் தெய்வமாக்கவில்லை. ஐரிஷ் ஏழைகளைப் பற்றி அவர் எழுதியவற்றில் அனுதாபத்தோடு இளக்காரமும் இருக்கிறது. அழுக்கு அவர்கள் பழக்கம் என்கிற தொனி வருகிறது. தண்ணீர் வாரத்துக்குச் சில மணி நேரம் வரும் சந்தில் யார்தான் சுத்தமாக இருக்க முடியும்? அதையும் அவரே இன்னொரு பக்கத்தில் எழுதுகிறார். இரண்டும் ஒரே மனிதர்தான். இதை மறைத்துவிட்டு மாலை போட எனக்கு இஷ்டமில்லை.

1849-ல் காலரா இரண்டாம் தடவை வந்தது. 5,000-க்கு மேல் மரணம். ஹெல்த் ஆபீசர் நியமித்து இரண்டரை வருஷம் ஆகியும் இந்தக் கதி. இவர் எதற்கு, இந்தச் சம்பளம் எதற்கு என்று கேட்டவர்கள் இல்லாமலா இருப்பார்கள்? ஆனால் பூமிக்கடியில் வேலை அப்போதுதான் தொடங்கியிருந்தது. நியூலண்ட்ஸ் முதலில் ஊர் முழுவதையும் அளந்து படம் போட்டார். 1848-ல் தோண்டத் தொடங்கினார். அடுத்த பதினொரு வருஷத்தில் 86 மைல் புதிய பாதாளச் சாக்கடை. இந்த ஆளின் கெட்டிக்காரத்தனம் எவ்வளவு தூரம் பேசப்பட்டது என்றால், 1855-ல் கிரிமியாப் போரில் சிப்பாய்கள் குண்டு பட்டுச் சாவதைவிட நோயில் அதிகம் சாகிறார்கள் என்று சுகாதாரக் கமிஷன் போனபோது, லிவர்பூலிலிருந்து இவரையும் அனுப்பினார்கள். ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேல் விளக்கோடு நின்ற படத்தைத்தான் நாம் பார்க்கிறோம். பின்னால் சாக்கடை அடைப்பு எடுத்தவர்கள் படத்தில் இல்லை.

தண்ணீர் விஷயம் தனிக்கதை. நகரசபை தனியார் கம்பெனிகளைச் சட்டப்படி வாங்கியது. ஆனால் எங்கிருந்து தண்ணீர் கொண்டுவருவது என்று கவுன்சிலில் வருஷக்கணக்காகச் சண்டை. தொலைவில் இருக்கும் ரிவிங்டன் மலைப்பகுதியில் ஏரி கட்டிக் கொண்டுவரலாம் என்று ஒரு கட்சி. வரி ஏறும், உள்ளூர்க் கிணறுகளே போதும் என்று ஒரு கட்சி. தேர்தலே இதை வைத்து நடந்தது. நம் ஊரில் வீராணம் படாத பாடா! கடைசியில் தாமஸ் ஹாக்ஸ்லி என்ற என்ஜினீயர் திட்டம் போட்டு, 1857-ல் அந்தத் தண்ணீர் ஊருக்கு வந்தது.

1854-ல் காலரா மூன்றாம் தடவை வந்தபோது லிவர்பூலில் 1849-ஐப் பார்க்க மரணம் வெகுவாகக் குறைந்திருந்தது. அதே வருஷம்தான் லண்டனில் ஜான் ஸ்னோ பம்பின் கைப்பிடியைக் கழற்றச் சொன்னது. இங்கே நம் மாணவர்கள் ஒரு கேள்வி கேட்கலாம். ஸ்னோ சொன்ன காரணம் சரி, டங்கன் நம்பிய காரணம் தப்பு. பின்னே டங்கனுக்கு எதற்கு இத்தனை பக்கம்? நாற்றத்தை ஒழிக்கிறேன் என்று புறப்பட்டவர் மலத்தை அப்புறப்படுத்தினார். மலத்தை அப்புறப்படுத்தியதில் கிருமியும் கூடப் போயிற்று. கெட்ட காற்று என்று நினைத்து நெரிசலைக் குறைக்கப் பார்த்தார். நெரிசல் குறைந்தால் பேனும் குறையும். காரணம் தெரியாவிட்டாலும் எந்தத் தெருவில் எத்தனை பேர் சாகிறார்கள் என்று எண்ணத் தெரிந்திருந்தது. ஸ்னோ ஒரு பம்பைக் கண்டுபிடித்தார். அவருக்குப் பதவி இல்லை, ஊர் ஆட்சி மன்றத்திடம் போய்க் கேட்கவேண்டியிருந்தது. டங்கன் அந்த ஆட்சி மன்றத்துக்குள்ளேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். இரண்டும் வேண்டும் என்பது என் கட்சி. ஒருவேளை தொழில் பாசமாகவும் இருக்கலாம்.

லிவர்பூலைப் பார்த்து மற்ற ஊர்கள் பின்தொடர்ந்தன. 1848-ல் லண்டன் சிட்டி, ஜான் சைமன் என்ற சர்ஜனை நியமித்தது. அவர் பிற்பாடு நாட்டுக்கே தலைமை மருத்துவ அதிகாரி ஆனார், டங்கனைவிடப் பெரிய புகழ். அதே வருஷத்துப் பொதுச் சுகாதாரச் சட்டம், விரும்பினால் ஹெல்த் ஆபீசர் போட்டுக்கொள்ளலாம் என்றது. விரும்பினால் என்று எழுதினால் எத்தனை நகரசபை விரும்பும்? லண்டன் முழுவதற்கும் 1855-ல் கட்டாயமாயிற்று. நாடு முழுவதற்கும் கட்டாயமாக 1872 ஆயிற்று. லிவர்பூலுக்கும் அதற்கும் நடுவில் இருபத்தைந்து வருஷம். நம் பக்கம் 1939-ல் மதராஸ் பொது சுகாதாரச் சட்டம் வந்தது. இந்தியாவிலேயே இப்படி ஒரு முழுமையான சட்டம் முதலில் போட்டது நம் மாகாணம்தான். டி.பி.எச். படித்த எங்கள் எல்லோருக்கும் அதுதான் வேதம். ஹெல்த் ஆபீசர் நியமனம், தொல்லைகளுக்கு நோட்டீஸ், குடிதண்ணீர், தொற்றுநோய் அறிவிப்பு என்று அதைப் பிரித்தால் லிவர்பூல் வாசனை பக்கத்துக்குப் பக்கம் அடிக்கும். நாற்றத்தைச் சொல்லவில்லை!

இங்கிலாந்திலோ 1974-ல் நிர்வாக மாற்றத்தில் அந்தப் பதவியையே எடுத்துவிட்டார்கள். டாக்டர்கள் நகரசபையை விட்டு ஆஸ்பத்திரி நிர்வாகத்துக்குள் போனார்கள். 2013-ல் பொது சுகாதார இயக்குநர்கள் என்று பெயர் மாற்றி மறுபடியும் நகரசபைக்கே கொண்டுவந்து வைத்தார்கள். டங்கன் சிரித்திருப்பார். சிரிக்கிற சுபாவமா என்று அவருடைய அறிக்கைகளைப் பார்த்துச் சொல்ல முடியாது.

தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. பி.ஜி. கவுன்சலிங்கில் கம்யூனிட்டி மெடிசின் கடைசியில்தான் நிரம்புகிறது, எனக்குத் தெரியும். எங்கள் காலத்திலும் நான் டி.பி.எச். சேர்ந்தேன் என்றதும் ரூம்மேட் துக்கம் விசாரித்தான். சாக்கடை டாக்டர் என்று பேர் வைத்தான். ரொம்பப் பெரிய கார்டியாலஜிஸ்ட் ஆனான். 2020 ஏப்ரலில் ராத்திரி பதினொரு மணிக்கு எனக்கு போன் செய்து, தன் ஆஸ்பத்திரி ஸ்டாஃபை எப்படிப் பிரித்து ட்யூட்டி போடுவது, எத்தனை நாள் தனிமைப்படுத்துவது என்று முக்கால் மணி நேரம் கேட்டுக்கொண்டான். பழைய பேர் சொல்லிக் கூப்பிடவில்லை.

டங்கன் கடைசி வரை அந்த வேலையிலேயே இருந்தார். பதினாறு வருஷம். பிராக்டிஸுக்குத் திரும்பவில்லை. லிவர்பூல் அவர் கையில் சொர்க்கமாகிவிடவில்லை. 1860-களில் டைஃபஸ் மறுபடி கிளம்பியது, 1866-ல் காலராவும் திரும்ப வந்தது. அதைப் பார்க்க அவர் இல்லை. உடம்பு முடியாமல் ஸ்காட்லாந்து போனவர் 1863 மே 23-ம் தேதி எல்ஜின் என்ற ஊரில் இறந்தார். வயது 58. அவர் எழுதிய கடிதங்களின் நகல் ஏடுகள் இன்றும் லிவர்பூல் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. பின்னாளில் ஊரின் நடுவே அவர் பெயரில் ஒரு மதுக்கடையும் திறந்தார்கள். ஹெல்த் ஆபீசருக்கு இப்படியும் ஒரு ஞாபகச் சின்னம்!

லிவர்பூல் நகரசபை அவர் இடத்தைக் காலியாக வைக்கவில்லை, பக்கத்து ஊர்க்காரரைப் பொறுப்பு பார்க்கச் சொல்லவுமில்லை. அதே 1863-லேயே டாக்டர் வில்லியம் ஸ்டூவர்ட் ட்ரெஞ்ச் என்பவரை நியமித்து, டங்கனின் நாற்காலியில் உட்கார வைத்தது.